பலகையைக் கையில் எடு!

அமெரிக்காவில் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காக நடக்கப் பெயர் கொடுத்தவர்களுக்குத் தெரியும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கோ, எய்ட்ஸ் நோயாளிகளுக்கோ, ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ, எதற்காக நடந்தாலும் பதிவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் சில நிபந்தனைகள் இருக்கும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தை வண்டி தள்ளி வரலாம். சைக்கிள், ரோலர் ஸ்கேட், ஸ்கேட்போர்டு வேண்டாம். பல இடங்களில் இதுதான் விதி. சில இடங்களில் மட்டும் கொஞ்சம் இளகி, ‘சக்கரத்தில் வருபவர்கள் நடப்பவர்களுக்கு வழிவிட்டு மரியாதையாக வரவும்’ என்று போட்டிருப்பார்கள்.

தடை விதிப்பது சுலபம். அதற்கு ஒரு வரி போதும். ‘மரியாதையாக வரவும்’ என்பதுதான் சிக்கல். எது மரியாதை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பதிமூன்று வயதுப் பையனிடம் போய் “மரியாதையா ஓட்டுடா” என்றால் அவன் என்ன புரிந்துகொள்வான்?

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா, நியூ ஜெர்சி, டெக்சாஸ் என்று தமிழர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் ஊர்களில் இது வீட்டுக்குள் வந்துவிட்ட விவகாரம். தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் தொண்டு அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு வாக்கத்தானாவது நடத்துகின்றன. அம்மா, அப்பா, ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் தாத்தா பாட்டி எல்லோரும் ஒரே நிற டி-ஷர்ட்டில் கிளம்புவார்கள். பையனோ பெண்ணோ மட்டும் வாசலில் நின்று, “போர்டு எடுத்துட்டு வரலாம்னா வரேன்” என்று பேரம் பேசும். வரவே வேண்டாம் என்பதா, எடுத்துக்கொண்டு வா என்பதா?

பதில் சொல்வதற்கு முன் அந்தப் பலகையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் காலைத் தரையில் தேய்க்க வேண்டும், அல்லது குதித்து இறங்க வேண்டும். மனிதர் நிதானமாக நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர். போர்டில் ஒரு உதை உதைத்தால் அதைத் தாண்டிப் போய்விடும். உதைக்காவிட்டால் வேகம் செத்து நின்றுவிடும். அதனால் நடப்பவரோடு ஒட்டிக்கொண்டே ஒருவன் போர்டில் வருவது அநேகமாக முடியாது. முந்துவான், தளர்வான், மறுபடி முந்துவான். வரிசைக்குள் இந்த முன்னும் பின்னுமான ஆட்டம்தான் நடப்பவர்களுக்கு முதல் எரிச்சல்.

இரண்டாவது, விழுவது. ஓட்டுபவன் விழுந்தால் அவனுக்கு முழங்கை சிராய்க்கும், அத்தோடு போகும். ஆனால் காலடியிலிருந்து நழுவிய பலகை அம்புபோல் முன்னால் பாயும். அது பாய்கிற உயரம் சரியாகப் பக்கத்து ஆளின் கணுக்கால். இதற்கு ஒரு கூழாங்கல் போதும். சக்கரத்தடியில் கல் சிக்கினால் போர்டு நிற்கும், ஆள் நிற்க மாட்டான்.

மூன்றாவதுதான் முக்கியம், அதை யாரும் யோசிப்பதில்லை. சத்தம். தெருவில் வித்தை காட்டுவதற்கான சக்கரங்கள் கல் மாதிரி கெட்டியானவை. கடினத்தை அளக்கும் கணக்கில் 99, 101 என்று எண் போட்டு விற்பார்கள். பயணம் போவதற்கானவை 78 போன்ற எண்ணில் மென்மையானவை. கெட்டிச் சக்கரம் சிமெண்ட் நடைபாதையின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது எழும் கடகட ஒலி, பின்னாலிருந்து வரும்போது வயதானவர்களைத் திடுக்கிட வைக்கும். போர்டு இடித்து விழுந்த பாட்டிகளைவிட, சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பித் தடுமாறிய பாட்டிகள் அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல், சரியாகப் போர்டு வரும் பக்கத்துக்கே ஒதுங்குவார்கள்.

மரியாதை என்பதன் பட்டியல் இதிலிருந்தே வந்துவிடுகிறது. நடை தொடங்கும் இடத்தில் நெரிசல் இருக்கும்வரை பலகை தரையில் இருக்கக்கூடாது, கையில் இருக்க வேண்டும். கூட்டம் கலைந்து இடைவெளி விழுந்த பிறகு, வரிசையின் கடைசியில் இறக்கலாம். முந்தும்போது ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று முன்கூட்டியே குரல் கொடுத்து, நின்று, இடப்பக்கமாகப் போக வேண்டும். தண்ணீர் கொடுக்கும் மேசை வந்தால் மறுபடி கையில். எகிறிக் குதிக்கும் வித்தைகள் எதுவும் கூடாது. இன்னொன்றும் உண்டு. பலகையின் மேல்புறம் உப்புத்தாள் ஒட்டியிருக்கும். கையில் தூக்கி நடக்கும்போது அந்தப் பக்கம் வெளியே இருந்தால் பக்கத்தில் வரும் அத்தையின் பட்டுப் புடவை கோவிந்தா. (அச்சைப் பிடித்துத் தூக்கினால் மற்ற பையன்கள் ‘மால் கிராப்’ என்று கேலி செய்வார்கள், ஸ்கேட்போர்டு உலகத்தில் ஆசாரங்களுக்குப் பஞ்சமே இல்லை.)

பே ஏரியாவின் ஃப்ரீமான்ட் சென்ட்ரல் பார்க்கில் எலிசபெத் ஏரியைச் சுற்றிய பாதையில் ஒரு சனிக்கிழமை காலை நின்று பார்த்தால் இதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். அதே பூங்காவில் ஸ்கேட் பார்க்கும் இருக்கிறது. புடவைக்குக் கீழே வெள்ளை ஸ்னீக்கர்ஸ், மேலே மகளின் ஜாக்கெட் என்று ஒரு பாட்டி நடந்து வருகிறார். பின்னால் ஒரு பையன். பத்தடி தூரத்திலேயே காலைத் தேய்த்து நிறுத்துகிறான். பலகையின் வாலை மிதிக்கிறான். மூக்கு எழும்பிக் கைக்கு வருகிறது. “எக்ஸ்கியூஸ் மி, பாட்டி” என்று ஓரமாக நடந்து கடந்து, நாலு எட்டு தள்ளிப் போய்த்தான் பலகையைக் கீழே போடுகிறான். “பார்த்துப் போப்பா” என்கிறார் அவர். யார் பெற்ற பிள்ளையோ, யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

காவலுக்கு வந்த சக்கரங்கள்

சொல்லிக் கொடுத்தால் வரும் என்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் பழைய சாட்சி ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது.

அங்கே கோல்டன் கேட் பூங்காவின் நடுவே ஓடும் ஜான் எஃப். கென்னடி டிரைவ் என்ற சாலையை 1967 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களுக்கு மூடி வந்தார்கள். மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்த்தி என்ற இளைஞர் யூரிதேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். அதுவரை இருந்த களிமண் சக்கரம் சாலையில் வழுக்கும், கல் பட்டால் தூக்கியடிக்கும். புதுச் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டது, ஓசையும் குறைந்தது. ரோலர் ஸ்கேட்டுக்கும் அதே சக்கரம் வந்ததும், அரங்கத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். 1970களின் முடிவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பூங்கா ஆயிரக்கணக்கான ஸ்கேட்டர்களால் நிரம்பி வழிந்தது. இடிபாடுகள், அடிபடுதல், குடியிருப்பவர்களின் புகார். நகர நிர்வாகத்தில் எழுந்த முதல் பேச்சு நாம் எதிர்பார்ப்பதுதான்: தடை செய்துவிடலாம்.

ஸ்கேட்டர்கள் கொடி பிடித்துக் கோஷம் போட்டிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. ‘ஸ்கேட் பேட்ரோல்’ என்று தங்களுக்குள்ளேயே ஒரு காவல் படை அமைத்தார்கள். நகரத்தின் பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து வேலை செய்தார்கள். தறிகெட்டு வருபவனை நிறுத்திச் சொல்வது, கூட்டத்தில் எப்படிப் போவது என்று புதியவர்களுக்குக் காட்டுவது, விழுந்தவருக்கு முதலுதவி. 1979ல் கான்சாஸ் சிட்டியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்த டேவிட் மைல்ஸ் அந்தப் படையில் முன்னால் நின்றார். இன்று அவரை ‘ஸ்கேட்டிங்கின் காட்ஃபாதர்’ என்று ஊரே அழைக்கிறது.

தடை வரவில்லை. அதற்குப் பதிலாக ஆறாவது அவென்யூ அருகே ஸ்கேட்டர்களுக்கென்று தனி இடம் கிடைத்தது. இன்றும் ஞாயிறு மதியம் அங்கே பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். 1989 அக்டோபர் 17ஆம் தேதி லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நகரத்தை உலுக்கி, எம்பார்கடேரோ மேம்பாலச் சாலை மூடப்பட்டபோது, மைல்ஸும் நண்பர்களும் கார் இல்லாத அந்தச் சாலையில் இரவில் ஸ்கேட் செய்யத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஊர்வலம் அப்படிப் பிறந்ததுதான். 2013ல் ஃபில்மோர் தெருவில் கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயத்துக்குள் ‘எட்டுச் சக்கர ஆலயம்’ என்று ஸ்கேட்டிங் தளமே திறந்துவிட்டார்கள். கென்னடி டிரைவின் கதையும் நல்லபடியாக முடிந்தது. 2020ல் பெருந்தொற்றின்போது வாரம் முழுக்க மூடப்பட்ட சாலையின் பகுதியை, 2022ல் நிரந்தரமாகவே கார் இல்லாத பாதையாக்கினார்கள். அந்த நவம்பரில் நகர வாக்காளர்களும் அதை ஆமோதித்து வாக்களித்தார்கள்.

அதே பூங்காவில்தான் 1987 முதல் ‘எய்ட்ஸ் வாக் சான் பிரான்சிஸ்கோ’ நடந்து வருகிறது. நோயின் பெயரைச் சொல்லவே பயந்த காலத்தில் மக்கள் பேனர் பிடித்துப் பகலில் நடந்த பாதை அது. நடப்பவர்களும் சக்கரக்காரர்களும் ஒரே பூங்காவை இத்தனை காலம் பங்கிட்டுக்கொண்டு வந்திருப்பது தானாக நடந்ததல்ல. ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாரோ ஒரு தரப்பு பொறுப்பெடுத்தது.

அவர்கள் ரோலர் ஸ்கேட்டர்கள், ஸ்கேட்போர்டுக்காரர்களின் கதை வேறு என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கு நல்ல பெயர் எடுப்பதில் ஆரம்பத்திலிருந்தே பெரிய ஆர்வம் இல்லை. அவர்களின் வேத நூலான ‘திராஷர்’ பத்திரிகை 1981ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியதே அடங்காத்தனத்தின் கொடியைப் பிடித்துக்கொண்டுதான். ‘ஸ்கேட்போர்டிங் குற்றமல்ல’ என்ற ஸ்டிக்கரை 1980களில் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினார்கள். அந்த நகரத்தின் டொலோரஸ் பூங்கா அருகே செங்குத்தான தெருவில் கூட்டமாகச் சறுக்கி இறங்கும் ‘ஹில் பாம்’ என்ற கூத்து ஆண்டுதோறும் நடக்கும். அனுமதி கிடையாது, அமைப்பாளர் கிடையாது. 2020ல் அங்கே ஸ்கேட்போர்டுக்காரர் ஒருவரோடு மோதிய சைக்கிள்காரர் இறந்தார். 2023 ஜூலை 8ஆம் தேதி போலீஸ் சுற்றி வளைத்து 113 பேரைப் பிடித்தது. அதில் 81 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். பிள்ளைகளைத் தேடி நள்ளிரவில் பெற்றோர் தெருவில் நின்ற காட்சியை ஊடகங்கள் காட்டின. போலீஸ் செய்தது அதிகப்படி என்று வழக்கும் தொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டு தரப்பிலும் தவறு இருக்கிறது. ஆனால் பேட்ரோல் இருந்த கூட்டத்துக்கும் இல்லாத கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்று இரவு பளிச்சென்று தெரிந்தது.

நடுவர் இல்லாத வரிசை

அடங்காத கூட்டம் என்று பேர் வாங்கிய இவர்களிடம் நமக்குத் தெரியாத ஒழுங்கு ஒன்று உண்டு. எந்த ஸ்கேட் பார்க்கிலும் போய்ப் பாருங்கள். டோக்கன் இல்லை, நடுவர் இல்லை, விசில் இல்லை. பள்ளத்தின் விளிம்பில் பத்துப் பேர் பலகையை ஊன்றி நிற்பார்கள். ஒருவன் இறங்கி ஓட்டி முடித்து வெளியேறிய பிறகே அடுத்தவன் இறங்குவான். இடையில் புகுந்தால் ‘ஸ்னேக்’, அதாவது பாம்பு என்ற பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டம் கிடைத்தவனுக்கு அந்தப் பார்க்கில் மதிப்பில்லை. போர்டு நழுவிப் பாய்ந்தால் “போர்டு!” என்று கத்தி எச்சரிப்பார்கள். ஏழு வயதுக் குழந்தை முதன்முறையாக ஒரு வித்தையைச் செய்துவிட்டால், கைதட்ட மாட்டார்கள். எல்லோரும் பலகையைத் தரையில் தட்டுவார்கள். ரேஷன் கடை வரிசையில் நாம் இந்தளவு ஒழுங்காக நின்றிருக்கிறோமா என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

உலகம் இதை டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தது. 2021 ஆகஸ்ட் 4, பெண்கள் ஸ்கேட்போர்டு ‘பார்க்’ பிரிவின் இறுதிப் போட்டி. ஜப்பானின் மிசுகு ஒகமோட்டோ, வயது 15, உலகத் தரவரிசையில் முதலிடம். கடைசிச் சுற்றில் விழுந்தார். பதக்கம் போனது, நான்காம் இடம். அழுதுகொண்டே வெளியே வந்த பெண்ணை, அவரோடு போட்டியிட்ட ஆஸ்திரேலியாவின் பாப்பி ஓல்சனும் அமெரிக்காவின் பிரைஸ் வெட்ஸ்டைனும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். போட்டியாளர்கள் அப்படிச் செய்வதை மற்ற விளையாட்டுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் பக்கத்திலும் இந்தப் பலகை வந்து சேர்ந்து நாளாகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரைன்ஹார்ட் ஸ்கேட் பார்க் கட்டியபோது இரண்டே விதிகள் வைத்தார்: பள்ளிக்கூடம் போகாதவனுக்கு ஸ்கேட்போர்டு இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதல் உரிமை. நம் மாமல்லபுரத்தில் கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சறுக்கிய சிறுமி கமலியின் படத்தை ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவளைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

தொண்டுக்கும் பலகைக்கும் உறவு இல்லாமல் இல்லை. 1976ல் அமெரிக்காவை முதன்முறையாக ஸ்கேட்போர்டில் குறுக்காகக் கடந்த குழுவில் இருந்த ஜாக் ஸ்மித், 2003ல் மறுபடி அதே பயணத்தைச் செய்தார். லோவ் சின்ட்ரோம் என்ற அரிய நோய்க்கு மகனைப் பறிகொடுத்த தகப்பன் அவர். பயணம் அந்த நோய்க்கான நிதிக்காக. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகப் பலகை விளையாட்டுக்காரர்கள் 1996ல் தொடங்கிய ‘போர்டிங் ஃபார் பிரெஸ்ட் கேன்சர்’ அமைப்பு இன்றும் கடற்கரை நெடுக ஸ்கேட் ஊர்வலம் நடத்துகிறது.

நம் நடையில் என்ன செய்யலாம்?

நிதிக்காக நடக்கும் வழக்கத்தில் டெக்சாஸுக்கு மூத்த பங்கு உண்டு. போலியோவை ஒழிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1938ல் தொடங்கிய மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பு, தன் முதல் ‘வாக் அமெரிக்கா’வை 1970ல் சான் அன்டோனியோவிலும் ஒஹாயோவின் கொலம்பஸிலும் நடத்தியது. அதே டெக்சாஸில், ஹூஸ்டன் நகர மையத்தை ஒட்டி, பஃபலோ பாயூ ஓடைக்கரையில் 2008ல் திறந்த ஜமைல் ஸ்கேட் பார்க் 30,000 சதுர அடி. அதே கரையோரப் பாதையில்தான் மக்கள் நடக்கவும் ஓடவும் வருகிறார்கள். இடம் தாராளமாக இருப்பதால் அங்கே உரசல் குறைவு.

நியூ ஜெர்சி அப்படியல்ல. அக்டோபரில் பாயின்ட் பிளெசன்ட் கடற்கரையின் மரப்பலகைப் பாதையில் அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் நடை நடக்கும்போது எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு நிறம். கால் வைக்க இடமிருக்காது. சிகிச்சை முடித்துத் தலையில் துணி கட்டிக்கொண்டு நடப்பவர்கள் அதில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சக்கரம் கூடவே கூடாது என்றுதான் நானும் சொல்வேன். மரப்பலகை இடுக்குகளில் சக்கரம் எழுப்பும் சத்தமே போதும், காரணம் வேறு வேண்டாம்.

சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குட்பட்டவர்கள் ஹெல்மெட் இல்லாமல் பொதுச் சாலையிலோ பாதையிலோ ஸ்கேட்போர்டு ஓட்டக்கூடாது. நியூ ஜெர்சியில் அது 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு. டெக்சாஸில் மாநிலம் முழுவதற்குமான சட்டம் இல்லை. சட்டம் இல்லாத ஊரிலும் தலை ஒன்றுதான் என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டாம்.

சக்கரங்களை வரவேற்றே நடத்தும் நிகழ்வும் உலகத்தில் உண்டு. ஒற்றைக் காலோடு 1980ல் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய கனடிய இளைஞர் டெர்ரி ஃபாக்ஸின் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் நடக்கலாம், ஓடலாம், சைக்கிளில் வரலாம், ஸ்கேட் செய்யலாம். முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. சென்னை ஐஐடி வளாகத்திலும் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது. யார் முந்துவது என்ற கேள்வியே இல்லாத இடத்தில் முந்திக்கொள்ளும் சண்டை பாதியாகக் குறைந்துவிடும்.

நம்மவர்கள் நடத்தும் வாக்கத்தான்கள் பெரும்பாலும் சின்னவை. நூறு பேர், இருநூறு பேர், ஒரு பூங்கா, ஒரு ஏரி. மரியாதையைப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பூங்காவின் அனுமதிச் சீட்டும் காப்பீட்டுத் தாளும் சக்கரம் கூடாது என்று சொன்னால் பேச்சே இல்லை, பலகை காரிலேயே இருக்கட்டும். அப்படிச் சொல்லாத இடத்தில், ‘வேண்டாம்’ என்று ஒரு வரியில் கதவை அடைப்பதை நான் ஏற்க மாட்டேன். சங்கத்து வேலை என்றாலே ஓடி ஒளிகிற பதின்வயதுப் பிள்ளைகள் தானாக வந்து நிற்கும்போது, வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது என்ன சாமர்த்தியம்?

சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாக்கத்தானில் போர்டோடு வரும் பிள்ளைகளில் ஐந்தாறு பேரைப் பொறுக்கி எடுங்கள். ஹெல்மெட்டும், தூரத்திலிருந்தே தெரியும் ஒரு மஞ்சள் சட்டையும் கொடுங்கள். மென்மையான சக்கரம் மாட்டி வரச் சொல்லுங்கள். வரிசையின் கடைசியில் விட்டு, பின்தங்கும் தாத்தா பாட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவது, களைத்தவரைப் பற்றி முன்னால் சொல்லி அனுப்புவது, வேகமாக வரும் மற்ற பிள்ளைகளை நிறுத்துவது என்று வேலை பிரித்துக் கொடுங்கள். கோல்டன் கேட் பூங்காவில் அன்று செய்தது இதைத்தான். பதிவுப் படிவத்தில் ‘மரியாதையாக வரவும்’ என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: கூட்டத்தில் பலகை கையில், முந்தும் முன் குரல், வரிசைக்குக் கடைசியில் சக்கரம்.